இலை பிரிக்காத கொழுக்கட்டை

வியத்நாமின் நடுப்பகுதியில், கடலை ஒட்டிய பின் தின் மாகாணத்தில், ஒரு சின்னக் குன்றின் மேல் பிக்குணிகள் மடம் இருந்தது. மடத்து வாசலில் நின்றால் கீழே ஆறு தெரியும். ஆற்றுக்கு அப்பால் இன்னொரு குன்றில் பழைய செங்கல் கோபுரங்கள் தெரியும். அவற்றை அந்த ஊரில் கொழுக்கட்டைக் கோபுரம் என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், வாழை இலையில் கூம்பாகப் பொதிந்து வைத்த கொழுக்கட்டை மாதிரியே இருக்கும்.

மடத்துத் தலைவியின் பெயர் தியூ மின். தலைவி என்றதும் வயதானவர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். மூத்த பிக்குணிகள் இருவர் படுக்கையில் கிடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவது, துணி துவைப்பது, விடியலில் மணி அடிப்பது எல்லாம் இவர்தான். பூசை வேளையில் நின்றபடியே தூங்கிவிடுவார் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் மறுத்ததில்லை.

லுவா அவருடைய சிஷ்யை. துறவி அல்ல. கணவனும் மாமியாரும் கைக்குழந்தையும் உள்ளவள். ஏறக்குறைய குருவின் வயதுதான் அவளுக்கும். பௌர்ணமிதோறும் மடத்துக்கு வந்து சும்மா உட்காரக் கற்றுக்கொண்டாள். உட்கார், மூச்சைக் கவனி. அவ்வளவுதான் தியூ மின் சொல்லிக்கொடுத்த பாடம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பௌர்ணமி இல்லாத நாளில், லுவா படியேறி வந்தாள். மார்போடு துணியால் கட்டிய குழந்தை. தோளில் மாவு மூட்டை. கையில் ஒரு பெரிய கூடை. அவள் முகத்தில் கண்கள் மட்டும்தான் மிச்சம் இருந்தன.

"என்னடி இது, குடிவந்துட்டியா?" என்றார் தியூ மின்.

"உங்க பெரிய பானை வேணும்மா. கொழுக்கட்டை அவிக்கணும்."

"உங்க வீட்டுப் பானை?"

"மாமியார் தர மாட்டேங்கறாங்க. ரெண்டு தடவை கெடுத்துட்டேன். இன்னொரு தடவை கெடுக்கறதுக்கு, அரிசியை நேரா ஆத்துலயே கொட்டிடு, மீனாவது திங்கும்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கத்தில் திதி என்றால் கருப்புக் கொழுக்கட்டை. பான் இத் என்று பெயர். நார் எடுக்கும் ஒரு செடியின் முரட்டு இலையை, நரம்பு களைந்து, வேகவைத்துப் பிழிந்து, ஒட்டும் அரிசி மாவோடு சேர்த்து இடிப்பார்கள். இடிக்க இடிக்க மாவு மை போலக் கறுக்கும். உள்ளே பச்சைப்பயறும் சர்க்கரையும் கொஞ்சம் இஞ்சியும் வைத்து, எண்ணெய் தடவிய வாழை இலையில் பொதிந்து அவிப்பார்கள். கல்யாணமான பெண் முதல் தடவை தாய்வீட்டுக்குத் திரும்பும்போது அதைத்தான் தன் கையால் செய்து எடுத்துப்போவாள். அப்பன் திதிக்கும் அதைத்தான் செய்வாள். திதிக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. வராமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கென்று ஒன்றிரண்டு கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

மறுநாள் லுவாவின் அப்பாவுக்குத் திதி. தாய்வீடு ஆற்றோடு கீழே, படகில் அரைநாள் தூரம்.

"எப்படிக் கெட்டுது?" என்று கேட்டார் தியூ மின்.

"பிரிச்சிப் பாத்தேன்."

"எதை?"

"இலையை. உள்ளே வெந்துடுச்சான்னு. சூட்டோட பிரிச்சா மாவு இலையோட வந்துடும். தெரியும்மா. பாவாடை கட்டத் தெரியறதுக்கு முன்னாடியே அது தெரியும் எனக்கு. ஆனா மூடி இருக்கறதைப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஒண்ணைப் பிரிச்சேன். வெந்திருந்துச்சு. அப்ப அடுத்தது? அதையும் பிரிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

தியூ மின் கொட்டாவி விட்டார். "பானை உள்ளே இருக்கு. வா."

உரலில் மாவையும் இலையையும் போட்டார்கள். ஆளுக்கொரு உலக்கை. குழந்தை லுவாவின் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது. நாலு குத்துக் குத்துவாள். நிறுத்துவாள். வலது கைச் சுட்டுவிரலை நாக்கில் நனைத்துக் குழந்தையின் மூக்கடியில் வைப்பாள். காற்று பட்டதும் விரலை எடுப்பாள். மறுபடி உலக்கை. மறுபடி விரல்.

"இடிக்க ரெண்டு கை வேணும்," என்றார் தியூ மின்.

"எனக்கு ஒண்ணுதான் இருக்கு."

விரல் இன்னொரு தடவை போனபோது குழந்தை முகத்தைச் சுளித்தது. விழித்தது. அழுதது.

"பாருங்க. தூங்கவே மாட்டேங்கறான்," என்றாள் லுவா, நிஜமாகவே வருத்தப்பட்டு. "தூங்காத பிள்ளை எப்படித் தேறும்? எலும்பா இருக்கான், பால் பத்தலையா உனக்குன்னு மாமியார் கேக்கறாங்க."

"பேர் என்ன சொன்னே?"

"தெயோ."

"அசிங்கமான பேரு."

"அசிங்கமா இருக்கணும்னுதான் வெச்சோம். அழகா இருந்தா பேய் பிசாசு காதுல விழுந்து, வந்து கேட்டுடும்." உலக்கை நின்றது. "மூத்தவளுக்கு அழகா வெச்சேன்."

மூத்தது பெண். பிறந்து ஒரு மாதம் நிறைவதற்கு முன்பே ஒரு விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டது. அந்தப் பேரை அதற்குப் பிறகு லுவா சொன்னதில்லை. பச்சைக் குழந்தைக்குத் திதி கிடையாது என்று மாமியார் சொன்னதால், சொல்ல வேண்டிய நாள் என்றும் ஒன்று வரவில்லை.

லுவா மறுபடி உலக்கையைத் தூக்கினாள்.

"நீங்க மூச்சைக் கவனின்னு சொல்லிக்கொடுத்தீங்க," என்றாள் லுவா. "நான் கவனிக்கறேன்மா."

"உன் மூச்சையா?"

"இவனோடதை."

"எப்போலேர்ந்து?"

"பொறந்ததிலேர்ந்து."

"ராத்திரி?"

"ராத்திரிதான் முக்கியமா."

தியூ மின் உலக்கையைச் சுவரில் சாய்த்தார். "நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்கா இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்லை," என்றார்.

அப்போது படகுக்காரர் ஹாய் மடத்துக்கு உமி மூட்டை சுமந்துகொண்டு வந்தார். அதை இறக்கி வைத்துவிட்டு உரலை எட்டிப் பார்த்தார்.

"கறுத்துடுச்சே! இந்த வருஷமும் கூடை மட்டும்தானா தங்கச்சி? இல்லே ஆளும் வருதா?"

"கூடை மட்டும்தான் அண்ணே."

"கூடைக்கு நான் தாலாட்டுப் பாடணுமா? போன வருஷமும் என் பக்கத்துல அதுதான் உக்காந்து வந்துது." அவர் தலைத்துண்டைப் பிழிந்தார். "உங்கம்மா போன வாரம் படித்துறையில என்னையே யாருப்பான்னு கேட்டாங்க. என் படகுல ஏறித்தான் அவங்க கல்யாணமாகி வந்தாங்க, எங்கப்பன் ஓட்டினப்போ. நான் பேசினப்புறம்தான் ஓ, ஹாயான்னாங்க. ஒரு கண்ணு போயாச்சு. இன்னொண்ணு இந்த மழைக்காலம் தாண்டறதே பெருசுன்னு வைத்தியர் சொல்றாராம்."

லுவா குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள்.

"பேரன் மூக்கு யாரு மாதிரின்னு என்னைக் கேக்கறாங்க. நான் எங்கே பாத்தேன்? நீதான் துணிக்குள்ளயே வெச்சிருக்கியே. எங்க வீட்டுக்காரர் மூக்கா இருந்தா பாத்துட்டாப் போதும்ங்கறாங்க."

"ஆத்துல தண்ணி எப்படி அண்ணே?"

"இன்னிக்குப் பரவாயில்லை. நாளைக்கப்புறம் நான் படகைக் கரையில ஏத்திடுவேன். புது வருஷம் கழிச்சுத்தான் இனி. மத்தியானம் சங்கு ஊதறேன். ஒரு தடவைதான் ஊதுவேன், எனக்கு மூச்சு வாங்குது."

அவர் போன பிறகு லுவா உரலில் இருந்த மாவை வழித்தெடுத்தாள். அதைக் கிள்ளிக் கிள்ளி உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்:

"படகு ஆடும். தண்ணி இரையும். அந்தச் சத்தத்துல இவன் மூச்சு விடறது எனக்குக் கேக்காதும்மா."

"கேக்காது."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இவன் இருப்பான்னு. நான் போறேன்."

"எனக்குத் தெரியாது."

"சும்மாவாவது சொல்லலாம்ல? குருதானே நீங்க?"

"சொன்னா அதையும் பிரிச்சிப் பாப்பே."

லுவாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் கருப்பு மாவு ஈஷிக்கொண்டது.

பொதிய ஆரம்பித்தார்கள். தியூ மின் இலைக்கு எண்ணெய் தடவினார். அவருக்கு அந்த வேலை வரவில்லை. ஒன்றில் எண்ணெய் வழிந்தது, ஒன்றில் ஓரம் காய்ந்திருந்தது. லுவா ஒவ்வொன்றையும் வாங்கித் தன் விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுப் பொதிந்தாள். கூம்புகள் வரிசையாக நின்றன.

கடைசியில் கொஞ்சம் மாவு மிஞ்சியது. லுவா அதை இரண்டாகக் கிள்ளினாள். கட்டைவிரல் அளவில் இரண்டு உருண்டை.

"ஒண்ணு தெயோவுக்கு," என்றார் தியூ மின். "பல்லு வரட்டும்."

லுவா மற்றதை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

தியூ மின் இன்னொன்று யாருக்கு என்று கேட்கவில்லை. சின்னதாக ஒரு துண்டு இலை கிழித்து, எண்ணெய் தடவி நீட்டினார். இந்தத் தடவை ஓரம் வரைக்கும் சரியாகத் தடவியிருந்தார்.

லுவா அதை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கு நான் தூங்கிட்டேன்மா."

தியூ மின் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவ பால் குடிச்சா. குடிச்சுட்டுக் கண்ணை மூடினா. சரி, நாமளும் ஒரு நிமிஷம்னு நானும் மூடினேன். விழிச்சப்போ ஜில்லுன்னு இருந்தா. எல்லாரும் விதின்னாங்க. மாமியார் விதின்னு சொல்லலை. திட்டவும் இல்லை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. நீ தூங்கிட்டியான்னு."

அவள் அந்தச் சின்ன உருண்டையைப் பொதிந்து முடித்தாள். மற்றவற்றைவிட அழகாக வந்திருந்தது.

"முழிச்சிருந்திருந்தா..." என்றாள்.

தியூ மின் எழுந்து போய் உமி அடுப்பைக் கெட்டித்தார். உமியை ஒரு தடவை இறுக்கிப் பற்றவைத்துவிட்டால் அது தானாக எரியும், தானாக அணையும். ஒரு பானை அவிய அது போதும். பானையை ஏற்றினார். மூடியைச் சுற்றி ஈரத்துணியைச் செருகினார்.

"இப்ப நீ அந்தப் பாயில படு," என்றார்.

"வேண்டாம்மா."

"பிள்ளையைக் கொண்டா. என் பக்கத்துல போடு. நான் பாத்துக்கறேன்."

"பானையை?"

"பானையையும்."

லுவா தயங்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள். "விரலை நனைச்சுக்கணும்மா. காஞ்ச விரல்ல தெரியாது."

"சரி."

"வாய்கிட்ட இல்லை. மூக்குக்குக் கீழே."

"சரி."

"அடிக்கடி பாக்கணும்."

"சரி."

"நீங்க பூசையிலயே தூங்கறவங்கன்னு ஊர்ல சொல்றாங்க."

"ஊர்ல நிறைய சொல்வாங்க. படு."

"கண்ணை மூட மாட்டேன். இடுப்பை மட்டும் கொஞ்சம் சாய்ச்சுக்கறேன்."

அவள் சாய்ந்தாள். கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பானை முனகத் தொடங்கியது. தியூ மின் குழந்தைக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதை லுவா பார்த்தாள். அவர் விரலை நாக்கில் நனைப்பதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் பார்க்கவில்லை.

அவள் விழித்தபோது சத்தமே இல்லை.

மழை நின்றிருந்தது. பானை முனகவில்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. லுவா நாலு காலில் பாய்ந்தாள்.

குழந்தை பாயில் மல்லாந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. ஒரு துண்டு வாழை இலையை இரண்டு கையாலும் பிடித்து, அதில் யாரோ எழுதி வைத்ததைப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தையின் முகம். கன்னத்தில் ரத்தம் ஓடியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சிரித்தது. பல்லில்லாத சிரிப்பு.

தியூ மின் சுவரோரம் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கன்னத்தில் பாய்க்கோரையின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. லுவா அதைக் கவனிக்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தாள்.

"எழுந்துட்டியா?" என்றார் தியூ மின். "பானையைப் பாரு."

லுவா மூடியைத் திறந்தாள். கூம்புகள் ஆறி, இலை லேசாகத் தளர்ந்து, வைத்தது வைத்தபடி நின்றன. ஒன்றை எடுத்தாள். நகத்தால் முனையை நெம்பினாள். இலை முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே கருப்பாக, எண்ணெய் மினுக்கோடு, ஒரு கீறல் இல்லாமல்.

"நீங்க தொடவே இல்லையா?"

"இல்லை."

லுவா அதைப் பிட்டு ஒரு பாதியைக் குருவிடம் கொடுத்தாள். இருவரும் நின்றபடியே தின்றார்கள்.

"இஞ்சி கொஞ்சம் தூக்கல்," என்றார் தியூ மின்.

"எங்கப்பாவுக்கு அப்படித்தான் வேணும்."

கீழே ஆற்றில் சங்கு ஊதியது. ஒரு தடவை.

லுவா கூடையில் இலை விரித்துக் கொழுக்கட்டைகளை அடுக்கினாள். சின்னது இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தியூ மின் அவற்றை வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"திதிக்கு வராத பிள்ளைங்களுக்குக் கொடுத்தனுப்பறது உங்க பக்கத்து வழக்கம்தானே?" என்றார்.

லுவா தலையை ஆட்டினாள். பிறகு குழந்தையைத் தூக்கி மார்போடு கட்டினாள். இந்தத் தடவை முகம் வெளியே தெரிகிற மாதிரி கட்டினாள்.

"நான் போறேன்மா. நானும் போறேன்."

"போ."

"இவ்வளவு நேரம் இவன் தூங்கி நான் பாத்ததே இல்லை. யாராவது ஒருத்தர் பாத்துக்கிட்டா இவன் தூங்குவான் போல இருக்கு. படகுல ஹாய் அண்ணனை உக்கார வெச்சுப் பாக்கச் சொல்றேன். அங்கே தம்பி இருக்கான். மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டா நானும் கொஞ்சம்..." அவள் பேச்சில் பல நாளாக இல்லாத வேகம் இருந்தது.

அது இரண்டு காது வைத்த கூடை. அவள் அதை ஒரு கையால் ஒரு காதைப் பிடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கூடை சரிந்தது. வலது கை குழந்தையின் முகத்தருகே இருந்தது. வாசல் தாண்டி, முதல் படியில் கால் வைத்தவள் நின்று திரும்பினாள்.

"அம்மா, எத்தனை தடவை பாத்தீங்க? விரலை நனைச்சுக்கிட்டுத்தானே பாத்தீங்க?"

"நனைச்சேன்," என்றார் தியூ மின்.

"எத்தனை தடவை?"

"நனைச்ச விரல் அவன்கிட்ட போகலை. உனக்கு முன்னாடியே நான் தூங்கிட்டேன்."

லுவா நின்றாள். குருவின் கன்னத்தில் இருந்த பாயின் தடத்தை இப்போதுதான் பார்த்தாள். இன்னும் மறையவில்லை. வரி வரியாக, கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை வரைக்கும்.

குழந்தை அவளுடைய முகவாயைப் பிடித்து இழுத்தது.

"தங்கச்சி! கூடையா, ஆளா?" என்று கீழேயிருந்து ஹாய் கத்தினார்.

 லுவா குழந்தையின் முகத்தருகிலிருந்து வலது கையை எடுத்தாள். கூடையின் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஈரப் படிகளில் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.